கையெழுத்து ஆயிற்று, காசு எங்கே?

(மும்பையில் நமது மன்றத்தின் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் அச்சில் வேண்டும் என்றதால் வெளியிடுகிறோம்.)

தலைவர் அவர்களே, தோழர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் செல்பேசியும் கையுமாக நிற்கும் தம்பிமார்களே!

குடிநீர் இணைப்பைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். அதை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம், பத்து நாளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்ட ஒரு கேள்வி. பெயர் சொல்ல மாட்டேன். இங்கே சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவர் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு போட்டிருந்தார். இருபது மாதச் சீட்டு, மாதம் 5,000. மகளின் நர்சிங் படிப்புக்காகத் தள்ளுபடி போக 78,000 ரூபாய்க்குச் சீட்டை எடுத்தார். கல்லூரிக்குப் பணம் கட்ட இன்னும் நாள் இருந்தது. மகன் சொன்னான்: "அம்மா, சும்மாதானே கிடக்கு, எட்டு மாசத்துக்கு எங்கிட்டக் கொடு, இரட்டிச்சுத் தாரேன்." 70,000 ரூபாயை ஒரு கம்பெனியின் பங்கில் போட்டுவிட்டான். ஹைட்ரஜனிலிருந்து வண்டி ஓட்டும் தொழில்நுட்பம் வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனி. அதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. திருடர்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை; யோக்கியர்கள் என்று சொல்லவும் இல்லை. அந்தப் பங்கு இன்றைக்கு விற்றால் 31,000 ரூபாய். சீட்டுக்கு மாதம் 5,000 ரூபாயை அந்தத் தாய் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் என்னைக் கேட்டார்: "அண்ணே, ஒப்பந்தம் கையெழுத்தாயிட்டுன்னு பையன் எட்டு மாசமாச் சொல்லுதான். கையெழுத்துப் போட்டா காசு வரணும்லா? ஏன் வரலை?"

தோழர்களே, பெரிய பெரிய பத்திரிகைகளில் பங்குச் சந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டவரை நான் படித்ததில்லை. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் ஆலைத் தொழிலாளியாக இருந்தவன். தறியைத் தெரியும், பங்கைத் தெரியாது. ஆகவே நாலு பேரிடம் கேட்டும், படித்தும், என் பேத்தியைக் கம்ப்யூட்டரில் தேடச் சொல்லியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கையெழுத்தில் பல ரகம் உண்டு. இது நமக்குத் தெரியாததா? இங்கே இருக்கும் பெண்களில் பாதிப் பேர் ரெடிமேட் துணி தைக்கிறவர்கள். வியாபாரி வருகிறான். "ஒரு சாம்பிள் தைத்துக் கொடுங்கள்" என்கிறான். துணி உங்களுடையது, நூல் உங்களுடையது, இரவு விழித்தது நீங்கள். சாம்பிளைப் பார்த்து "பிரமாதம்" என்கிறான். அது ஆர்டரா? இல்லை. பத்துப் பட்டறையில் சாம்பிள் வாங்கியிருப்பான். "ஆயிரம் உருப்படி எடுத்துக்கொள்வேன்" என்று வாயால் சொல்கிறான். அதுவும் ஆர்டர் இல்லை. உருப்படிக்கு என்ன விலை, எந்தத் தேதியில் சரக்கு, தவறினால் யாருக்கு நஷ்டம் என்று எழுதி, அட்வான்ஸை எண்ணிக் கையில் வைத்தால்தான் ஆர்டர். வாயில் சொன்னதை நம்பித் துணி வாங்கிப் போட்டு நொந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

கம்பெனிகளின் உலகத்திலும் இதேதான். எம்.ஓ.யூ. என்று ஒரு காகிதம் உண்டு. தமிழில் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று எழுதுகிறார்கள். அழகான பெயர்! பெரும்பாலும் அதன் உள்ளேயே "இது எவரையும் கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி இருக்கும். அதாவது சாம்பிள் பார்த்துப் பிரமாதம் என்று சொன்னதற்குக் கையெழுத்து. ஆனால் செய்தியில் வரும்போது "மாபெரும் ஒப்பந்தம்" என்றுதான் வரும். செல்பேசியில் வரும்போது அதற்குப் பக்கத்தில் ராக்கெட் படமும் சேர்ந்து வரும்.

உடனே எல்லாக் கம்பெனியும் மோசடி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மோசடி இல்லாத கம்பெனியில்கூட என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆகவே ஒரு யோக்கியமான கம்பெனியின் கதையையே சொல்கிறேன்.

கனடா நாட்டில் வான்கூவர் நகரத்துப் பக்கம் பாலார்ட் என்று ஒரு கம்பெனி. ஜெஃப்ரி பாலார்ட் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் 1979-இல் தொடங்கியது. முதலில் பேட்டரி ஆராய்ச்சி. 1983-இல் கனடாவின் பாதுகாப்புத் துறை கொடுத்த வேலையால் எரிபொருள் மின்கலத்தில் இறங்கினார்கள். அது என்ன? காகிதம் போன்ற மெல்லிய ஒரு ஜவ்வு. அதன் இரண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, மறுபக்கம் காற்று. இரண்டும் சேரும்போது மின்சாரம் வருகிறது. கழிவாகத் தண்ணீர் சொட்டுகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. இது கட்டுக்கதை அல்ல, உண்மையான விஞ்ஞானம். 1993-இல் பஸ்ஸையே ஓட்டிக் காட்டினார்கள்.

பஸ் ஓடியதும் பெரிய கைகள் நீண்டன. ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ், அதாவது மெர்சிடிஸ் கார் செய்கிறவர்கள், 1997-இல் பாலார்டில் ஏறக்குறைய கால் பங்கை வாங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபோர்டும் சேர்ந்தது. 2004-இல் ஹைட்ரஜன் கார் கடைக்கு வரும் என்றார்கள். வெறும் எம்.ஓ.யூ. அல்ல, தோழர்களே, டைம்லரும் ஃபோர்டும் கைக்காசைப் போட்டார்கள். இதைவிட நல்ல கையெழுத்து உலகத்தில் கிடைக்காது. 2000 மார்ச்சில் அமெரிக்கச் சந்தையில் பாலார்டின் ஒரு பங்கு 140 டாலருக்கு மேல் போயிற்று.

2004 வந்தது. கார் கடைக்கு வரவில்லை. ஏன்? பிளாட்டினம் விலை ஒரு பக்கம். ஹைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம். வண்டி இல்லாததால் பங்க் இல்லை, பங்க் இல்லாததால் வண்டி இல்லை. 2010-இல் கனடாவின் விஸ்லர் ஊரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பாலார்ட் மின்கலம் வைத்த இருபது பஸ்களை ஓட்டினார்கள். அந்தப் பஸ்ஸுக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாட்டின் கிழக்கே இருக்கும் கியூபெக் மாகாணத்திலிருந்து டீசல் லாரியில்! புகையில்லாத பஸ்ஸுக்குப் புகைவிடும் லாரி சோறு சுமந்தது. கட்டுப்படியாகவில்லை, 2014-இல் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். நம் பகுதியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும்.

டைம்லரும் ஃபோர்டும் என்ன செய்தார்கள்? 2007 நவம்பரில் பாலார்டின் கார் மின்கலப் பிரிவைத் தாங்களே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். தனிக் கம்பெனி ஆக்கி, டைம்லர் 50.1 சதவீதம், ஃபோர்டு 30 சதவீதம் வைத்துக்கொண்டார்கள். 2018-இல் அதையும் மூடினார்கள். அந்த இருபது ஆண்டுகளில் அவர்களுக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் டீசல் கார் விற்றது, பெட்ரோல் லாரி விற்றது. ஹைட்ரஜன் அவர்களுக்கு ஒரு சாம்பிள். சாம்பிளுக்காகக் காத்திருக்க அவர்களுக்கு வசதி இருந்தது.

140 டாலருக்கு வாங்கிய சின்ன ஆளுக்கு? 2012 கடைசியில் அந்தப் பங்கு ஒரு டாலருக்கும் கீழே. யாரும் திருடவில்லை. விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துக்குப் போனார், சம்பளம் வாங்கினார். இயக்குநர்கள் கூட்டம் போட்டார்கள். பஸ் ஓடிற்று. ஆனால் பணம் மட்டும் போயிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் பழங்கதை என்று விட்டுவிடுவேன். பருவநிலை மாற்றம் என்ற பேச்சு வலுத்ததும் திரும்ப எல்லோருக்கும் ஹைட்ரஜன் நினைவு வந்தது. 2021 தொடக்கத்தில் பாலார்ட் பங்கு மறுபடி 40 டாலரைத் தொட்டது. உடனே கம்பெனி என்ன செய்தது? அந்தப் பிப்ரவரியில் 37 டாலர் வீதம் புதுப் பங்கு விற்று 55 கோடி டாலர் திரட்டிக்கொண்டது. சட்டப்படி சரி. கம்பெனியின் நோக்கில் கெட்டிக்காரத்தனமும்கூட. மழை பெய்யும்போது குடத்தை வைத்தார்கள். 2024 முடியும்போது அந்தப் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே. 37 கொடுத்தவர்களின் பணத்தில்தான் கம்பெனி இன்னும் சில ஆண்டு காத்திருக்க முடிந்தது.

தோழர்களே, அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஒரு செலவு. வாடகை, சம்பளம், சோதனை, விமான டிக்கெட். இந்தச் செலவை யார் தாங்குகிறார்கள்? கடன் கொடுத்த பாங்கிக்கு வட்டி உண்டு. பெரிய கூட்டாளிக்கு வேறு தொழில் உண்டு. சரக்குக் கொடுத்தவன் தாமதத்துக்கு அபராதம் எழுதி வாங்குவான். பங்கு வாங்கிய சின்ன ஆளுக்கு மட்டும் காத்திருந்த நாளுக்குக் கூலி கிடையாது. பணம் தீர்ந்தால் கம்பெனி புதுப் பங்கு அச்சடிக்கும். உங்கள் பங்கின் பாகம் சிறுத்துப்போகும். கம்பெனி மூழ்கினால் பணம் வாங்கும் வரிசையில் பங்குக்காரன் கடைசி ஆள்.

காத்திருப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 1982 ஜனவரியில் நாங்கள் ஆலையை விட்டு வெளியே வந்தோம், இரண்டரை லட்சம் பேர். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. அன்றைக்கும் "அடுத்த வாரம் பேச்சுவார்த்தை, அடுத்த மாதம் முடிவு" என்றுதான் இருந்தது. முதலாளிக்கு நிலம் இருந்தது, காத்திருந்தான், நிலம் தங்கமாயிற்று. எங்களில் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இரவு போதாது.

இந்தியாவுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் இதே பாலார்ட், அதானி குழுமத்தோடு ஒரு எம்.ஓ.யூ. போட்டது. கட்டுப்படுத்தாதது என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் 90 அடி ரோட்டுக்காரர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது வேறு கூட்டத்துக்கு. 2023 ஜனவரியில் மூன்றாவது கூட்டாளியாக நம் சென்னை அசோக் லேலண்டும் சேர்ந்தது. சுரங்கத்தில் ஓட ஒரு ஹைட்ரஜன் லாரி. அந்த 2023-லேயே ஓடும் என்றார்கள். எண்ணூர்த் தொழிலாளியின் கை பட்டால் லாரி ஓடாமல் போகுமா? அதானியின் முதல் ஹைட்ரஜன் லாரி ஓடிற்று. ஆனால் சத்தீஸ்கரில் அதற்குக் கொடி அசைத்தது 2025 மே மாதம். 40 டன் சுமையோடு 200 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். நல்ல விஷயம். என் கணக்கு வேறு: 2023-இல் ஓடும் என்ற செய்தியை நம்பி எந்தக் கம்பெனியின் பங்கையோ வாங்கிய ஒரு கூலித் தொழிலாளி, 2025 மே வரைக்கும் எதைச் சாப்பிட்டிருப்பான்? ஓடியதும் எத்தனை லாரி? தொடக்கம் ஒன்று.

அரசாங்கம் 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில் ஒரு சிறிய ஹைட்ரஜன் ஆலையைத் திறந்தார்கள். உண்மைதான். "நம்ம ஊர்லயே வந்துட்டு மாமா!" என்று தம்பிகள் என்னிடம் காட்டுகிறார்கள். அந்தத் துறைமுகத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறது? வ.உ.சிதம்பரனார். அவரும் பங்கு விற்றவர்தான்! 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்கு. கப்பல் வாங்க இந்தப் பம்பாய்க்குத்தான் வந்து அலைந்தார். பணம் போட்டவர்களுக்குக் கடைசியில் போட்டதே போயிற்று; 1908-இல் அவர் சிறைக்குப் போனபின் கம்பெனி சரிந்தது. ஆனால் அவர் பங்கு விற்றபோது எதற்கு விற்கிறேன் என்று சொன்னார், விற்ற காசில் கப்பல் கொண்டுவந்து துறைமுகத்தில் நிறுத்தினார், தானும் செக்கிழுத்தார். அரசாங்கத்தின் திட்டமோ, துறைமுகத்தின் ஆலையோ, தம்பி வாங்கிய பங்குக்கு ஆர்டர் ஆகிவிடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் காசு ஒன்றாகாது.

யோக்கியமான கம்பெனியைச் சொன்னேன். மறுபக்கத்தையும் ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். ஜென்சால் என்று ஒரு கம்பெனி, சூரிய மின்சாரமும் மின்சாரக் காரும். 2025 ஜனவரியில் 30,000 கார்களுக்கு முன்பதிவு வந்திருப்பதாக அறிவித்தது. செபி விசாரித்து 2025 ஏப்ரல் 15 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது? முன்பதிவு என்றது ஒன்பது நிறுவனங்களோடு 29,000 கார்களுக்குப் போட்ட எம்.ஓ.யூ. மட்டுமே, அதில் காருக்கு விலையும் இல்லை, கொடுக்கும் தேதியும் இல்லை, விருப்பம் மட்டும்தான். பங்குச் சந்தை அதிகாரி புனே பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தபோது அங்கே உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தொழிலாளிகள்தான் இருந்தார்கள்! நான் அந்த இரண்டு மூன்று பேரைத்தான் நினைத்துக்கொண்டேன். புனே இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்தப் பங்கை வாங்கிய மும்பைக்காரர்களில் ஒருவர் ரயில் ஏறிப் போய், வாசலில் நின்று, மதிய ஷிப்டுக்கு எத்தனை பேர் டப்பாவோடு உள்ளே போகிறார்கள் என்று எண்ணியிருந்தால் போதும். தொழிலாளிக்கு அந்தக் கணக்குத் தெரியும். ஓடுகிற ஆலையின் வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

தம்பிமார்களே, உங்களைத் திட்ட நான் வரவில்லை. எட்டு மணி நேரம் மெஷினில் குனிந்து பதினைந்தாயிரம் வாங்குகிறவனுக்கு, அந்தக் கூலியில் ஒரு கோலிகூட வாங்க முடியாத இந்த நகரத்தில், சீக்கிரம் மேலே வர வேண்டும் என்ற வேகம் வருவது குற்றமில்லை. கூலி ஒழுங்காக இருந்தால் எவன் சீட்டுப் பணத்தைச் சூதில் வைப்பான்? ஆனால் ஒப்பந்தச் செய்தி வந்தால், ராக்கெட் படத்தைப் பார்க்காதே. கம்பெனி பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பையே எடுத்துப் படி, பி.எஸ்.இ. தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. விலை எழுதியிருக்கிறதா, தேதி எழுதியிருக்கிறதா, அட்வான்ஸ் வந்ததா, சோதனைச் செலவு யாருடையது? போன வருஷம் சொன்ன தேதி என்ன, இந்த வருஷம் சொல்கிற தேதி என்ன? இரண்டு தரம் தேதி மாறினால் மூன்றாவது தரமும் மாறும் என்று வைத்துக்கொள். அப்படியும் போட வேண்டும் என்றால் உன் பீடிக் காசைப் போடு, உன் சினிமாக் காசைப் போடு. தவணைத் தேதி உள்ள பணத்தை, தேதி இல்லாத கம்பெனியில் போடாதே.

அந்தத் தாயின் மகனோடும் பேசினேன். நல்ல பையன். கண் கலங்கினான். அவன் கம்பெனியின் அறிவிப்புகளை இருவரும் உட்கார்ந்து படித்தோம். மூன்று எம்.ஓ.யூ.; ஒன்றிலும் விலை இல்லை. ஒன்றின் காலமே முடிந்துபோயிருந்தது, அவனுக்கு அது தெரியாது. "இப்ப வித்தா 39,000 நஷ்டம் மாமா, ஒப்பந்தம் வந்துட்டா?" என்றான். "வந்துட்டா வரட்டும், தங்கச்சிக்குக் கல்லூரி கேட்பது ஜூனில்" என்றேன். 31,000-க்கு விற்பதா, இன்னும் காத்திருப்பதா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் நெருக்கவில்லை, பணம் அவன் தாயுடையது, முடிவை அவர்கள் இருவரும் எடுக்கட்டும். படிப்புக்குக் குறைகிற தொகைக்கு மன்றத்தின் கல்வி நிதியிலிருந்து கடன் கேட்டு மனுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தலைவர் இங்கேயே இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மன்ற அறையைத் திறந்து வைக்கிறோம். யார் யாரிடம் இப்படிக் காத்திருக்கும் பங்கு இருக்கிறதோ, வெட்கப்படாமல் கொண்டுவாருங்கள். என் பேத்தி கம்ப்யூட்டரோடு வருவாள். அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும், அவள் படித்துத் தமிழில் சொல்லுவாள். மூக்குக் கண்ணாடி உள்ளவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது.